விழுங்கியவர்கள் பட்டியல்

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு கார்த்யாயனி கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு. முட்டி மோவாயை இடித்தது. கிராமசபை மூன்று மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். மூன்றேமுக்கால் ஆகியும் வந்தவர்களின் கண் மேசைமேல் மூடிவைத்திருந்த பருப்புவடைத் தட்டில்தான் இருந்தது. வடையைக் கொடுத்துவிட்டால் ஆட்கள் நிற்கமாட்டார்கள் என்று வார்டு மெம்பர் பிரசன்னனுக்குத் தெரியும். கடைசியில்தான் எடுப்பான்.

இரண்டு பெஞ்சு முன்னால் சுகுமாரன். குடையைப் பெஞ்சு முனையில் மாட்டியிருந்தான். அவன் மனைவி ஓமனா போன கர்க்கடக மாதம், ஆடி மழையில், எலிக்காய்ச்சலில் போய்விட்டாள். நூறு நாள் வேலையில் வாய்க்கால் வாரும் பதினெட்டுப் பெண்களில் ஒருத்தி. அந்தப் பதினெட்டுப் பேரையும் மேய்த்து ஹாஜர் எடுக்கும் மேட் கார்த்யாயனி.

மழைக்கால நோய்த்தடுப்புத் திட்டம் என்று சொல்லி, முதலில் ஜனங்களின் குறைகளைக் கேட்டார்கள். மாத்தன் எழுந்தான்.

"கொசு மெசினு எங்க வாசலுக்கு வந்ததும் எண்ணெய் தீந்துபோச்சு மெம்பரே. உங்க வீட்டுல அடிக்கிறப்ப மட்டும் தீரலையே, அது என்ன எண்ணெய்?"

சிரிப்பு அடங்கியதும் சுகாதார ஆய்வாளர் தாளைப் பார்த்து வாசித்தார். "எலிக்காய்ச்சல் மாத்திரை. போன வருசம் வாய்க்கால்ல இறங்கின எல்லாருக்கும் கொடுத்தாச்சு. பதினெட்டுக்குப் பதினெட்டு, வாரம் ஒண்ணா ஆறு வாரமும். இந்த வருசமும் அதேபோல, புதன்கிழமை காலையில எட்டு மணி, வேலை தொடங்கறதுக்கு முன்னாடி."

நாலு பேர் கைதட்டினார்கள். தட்டாமல் இருந்தவர்களில் பெண்கள்தான் அதிகம்.

அந்தத் தாளில் 'என் முன்னால் விழுங்கினார்' என்று ஒரு கட்டம் இருக்கும். கார்த்யாயனிதான் டிக் போடுவாள். ஆறு மணிக்கு அடுப்பை அணைத்து, வீட்டில் எல்லோருக்கும் பரிமாறி, பாலில்லாத ஒரு வாய் கட்டன்சாயாவோடு ஓடிவருகிற பெண்கள். எட்டு மணிக்குப் போனில் வரிசையாகப் படம் பிடித்தால்தான் ஹாஜர், கூலி. அந்த வெறும் வயிற்றில் மாத்திரை விழுந்தால் நெஞ்சு தீயாக எரியும். மண்வெட்டி பிடிக்க முடியாது. ஆளாளுக்கு அதை முந்தானையில் முடிந்துகொள்வார்கள். அவள் டிக் போட்டுவிடுவாள். பதினெட்டுக்குப் பதினெட்டு.

பதினாறாம் நாள் சடங்குக்குப் பாத்திரம் தேய்க்கப் போன இடத்தில், ஓமனாவின் ஊக்கு டப்பாவில் ஐந்து மாத்திரை இருந்தது. யாரும் பார்க்குமுன் கார்த்யாயனி அதைக் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். பத்து மாதமாக அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தது. இன்றைக்கு மறுபடி இடுப்பில் இருந்தது.

"அப்ப தீர்மானம் பாஸ்தானே?" என்றான் பிரசன்னன்.

கார்த்யாயனி எழுந்தாள். பக்கத்தில் இருந்த லீலாமணி அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். "உக்காரு சேச்சி. மேட் வேலை போயிரும்."

"போகட்டும்."

முன்னால் போய், வடைத் தட்டுக்குப் பக்கத்தில் காகிதத்தைப் பிரித்து வைத்தாள். மாத்திரைகளின் மஞ்சள் நிறம் ஓரத்தில் கறுத்திருந்தது.

"சாரே, யாரும் ஒழுங்கா விழுங்கல. டிக் போட்டது நான். இது ஓமனாவோடது. எட்டு மணிக்குக் கொடுக்காதீங்க. பத்து மணிக்குக் கஞ்சி குடிப்போம், அதுக்கப்புறம் கொடுங்க."

"பத்து மணிக்கு நர்ஸ் அடுத்த வார்டுல இருப்பாங்களே," என்றார் ஆய்வாளர்.

சுகுமாரன் எழுந்து வந்தான். மெம்பர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான். சுகுமாரன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மாத்திரைகளை ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக நகர்த்தினான்.

"அஞ்சு. மிச்சம் ஒண்ணு?"

"முதல் வாரம் விழுங்கினா. வாய்க்கால்லயே வாந்தி எடுத்தா. நாந்தான் சொன்னேன், வீட்டுக்குக் கொண்டுபோ, கஞ்சி குடிச்சிட்டுப் போட்டுக்கோடின்னு."

அவன் விரல் கடைசி மாத்திரைமேல் நின்றது.

"கஞ்சி எனக்கு எடுத்து வச்சிட்டுத்தான் வேலைக்கு வருவா. சாயந்திரமும் எனக்குத்தான் முதல்ல. அவ குடிச்சாளான்னு நான் கேட்டதில்ல."

சொல்லிவிட்டு வெளியே நடந்தான். யாரும் தடுக்கவில்லை. பஞ்சாயத்துச் செயலாளர் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "என்ன எழுதட்டும் மெம்பரே?"

"சேச்சி சொன்னதை எழுது," என்றாள் பின்னாலிருந்து லீலாமணி. அதற்குப் பின் இன்னொருத்தி. பிறகு பெண்கள் பக்கம் முழுக்கப் பேச்சானது. அதில் மெம்பரின் குரல் கேட்கவில்லை.

வெளியே மழை இறங்கிவிட்டிருந்தது. சுகுமாரனின் குடை பெஞ்சு முனையில் அப்படியே தொங்கியது. கார்த்யாயனி அதையும் தன் குடையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வாய்க்கால் நிறைந்து வரப்புப் பாதைமேல் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. தூரத்தில் அவன் செருப்பைக் கையில் பிடித்தபடி, வெறுங்காலோடு அந்தத் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தான். அவன் குடையையும் விரிக்காமல், தன் குடையையும் விரிக்காமல், பின்னாலேயே இறங்கினாள்.