காய்ச்சல் வராதவர்களுக்குப் பதக்கம்

கொசு மருந்துக்குப் பணம் கேட்டு நிதி அதிகாரியின் அறைக்குப் போனேன். மழைக்கு முன்னால் சாக்கடைகளில் தெளித்தாக வேண்டும். நகராட்சியின் சுகாதார அதிகாரி நான். அதைவிட முக்கியம், ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகள் குடியிருப்பதே பெரிய சாக்கடைத் தெருவில்தான்.

"போன வருஷம் எத்தனை பேருக்குக் காய்ச்சல்?"

"ஒருத்தருக்கும் இல்ல சார்."

"அப்புறம் எதுக்கு மருந்து?"

"மருந்து அடிச்சதாலதான் வரல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எந்தச் செலவுக்கும் பயனாளியை நேரில் நிறுத்தி ஃபோட்டோ எடுப்பது எங்கள் அலுவலக வழக்கம். சாலை போட்டால் அதில் ஒருவர் சிரித்தபடி நடக்க வேண்டும்.

"காய்ச்சல் வராதவங்களைக் கூட்டிட்டு வாங்கம்மா," என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு, காய்ச்சல் வராதவர் என்று அவரையே இழுத்து நிறுத்தியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாள் தெருவையே திரட்டி வந்தேன். மாடிப்படி வரை வரிசை. ஒவ்வொருவரையும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"எல்லாரும் குத்துக்கல்லாட்டம் இருக்காங்களே! இவங்களுக்கு எதுக்குப் பணம்?"

"அப்போ காய்ச்சக்காரங்களைக் கூட்டிட்டு வரட்டுமா?"

"காய்ச்சல் வந்துட்டா உங்க மருந்து வேலை செய்யலன்னு ஆயிடுமே!"

வரிசையில் நின்ற என் தம்பி குறுக்கே புகுந்தான். "எனக்குப் பாதிக் காய்ச்சல் வந்தா போதுமா சார்?"

அதையும் அவர் யோசித்துப் பார்த்தார். மனுஷனுக்குக் கிண்டல் எட்டாது.

கடைசியில் மனம் இரங்கினார். பயனாளிகள் கண்ணெதிரே நிற்கிறார்கள், பணம் அவர்களுக்கே போகட்டும் என்று முடிவு செய்தார். மருந்துப் பணம் முழுக்கப் பதக்கமாகவும் மேடையாகவும் மைக்காகவும் மாறியது. கத்தினேன், கெஞ்சினேன், ஊஹூம். விழா தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததில் மழை முந்திக்கொண்டது.

விழாவன்று சாக்கடை வழிந்தது. பேச்சாளர்கள் தங்கள் கன்னத்தில் தாங்களே அறைந்துகொண்டு என்னைப் புகழ்ந்தார்கள். முதல் பதக்கம் என் மகளுக்கு. வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி மேடையேறினாள். கூட்டம் கை தட்டியது, பாதி அவளுக்கு, பாதி கொசுவுக்கு.

இறங்கி வந்தவள் என் தோளில் சாய்ந்தாள். "குளிருதும்மா."

நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது.

நிதி அதிகாரி ஓடிவந்து தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

"பதக்கத்தைக் கழட்டிடுங்கம்மா, தகுதி போயிடுச்சு. ஆனா ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க. இப்பதான் காட்டுறதுக்கு ஆள் இருக்கே!"

அப்படியே திரும்பி, ஃபோட்டோக்காரரைக் கூப்பிட்டார்.