மடங்கும் கொடிமரம்

செங்கல் படகுக்காரனுக்குக் காலையிலிருந்தே முகம் சரியில்லை. அடுத்த வாரம் பழைய தூக்குப் பாலத்தைக் கழற்றிவிட்டு, அசையாத புதுப் பாலம் போடப்போகிறார்கள். அப்புறம் திறக்கச் சொல்லி யாரைக் கேட்பது? மேலே கண்ணாடி அறையிலிருந்து பாலத்தை இயக்கும் பெண்ணிடம் இரண்டு வருடமாக அவன் பேசியதே "திறங்க மேடம்", "நன்றி மேடம்" இரண்டும்தான்.

"இன்னிக்காவது மூணாவதா ஒண்ணு பேசுவீங்களா தம்பி?" என்றாள் கூட வந்த அண்ணி. "வாய்க்குள்ளயும் செங்கல்லா அடுக்கி வச்சிருக்கீங்க?"

படகுத்துறையில் என்ஜினியர் ஒவ்வொரு படகின் உயரத்தையும் அளந்துகொண்டிருந்தார். பக்கத்தில் பதிவேட்டோடு அந்தப் பாலத்துப் பெண்.

"உங்க கொடிமரம் எட்டு மீட்டர். புதுப் பாலத்துக்கு அடியில ஆறு மீட்டர்தான் இடம். இந்த ஒரு படகுக்காகப் பாலத்தை உயர்த்தணும்னு எழுதவா?" என்றார் என்ஜினியர்.

அண்ணிக்குத் தாங்கவில்லை. "ஐயோ சார், எழுதித் தொலைக்காதீங்க! அது மடங்கும். அடியில கீல் இருக்கு."

என்ஜினியர் பதிவேட்டைப் புரட்டினார். "இந்தப் படகுக்கு மட்டும் இருநூத்திப் பன்னிரண்டு தடவை திறந்திருக்கு! ரோட்டுல அத்தனை பஸ்ஸும் நின்னுச்சே!" தலையிலடித்துக்கொண்டு அடுத்த படகுக்குப் போனார்.

படகுக்காரனின் காது சிவந்தது. "மன்னிச்சிடுங்க மேடம். மடங்கும்னு உங்களுக்குத் தெரியாது..."

"கீலுக்கு நீங்க எண்ணெய் போடுறது மேலேருந்து நல்லாவே தெரியும்," என்றாள் அவள்.

"அப்புறம் ஏன் திறந்தீங்க?"

"கேட்டீங்க, திறந்தேன். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. 'உயரமான கொடிமரம்'னு பொய் எழுதி எழுதி என் கைதான் வலிக்குது. நிஜக் காரணத்தை இப்பவாவது சொல்லுங்க."

அவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி மும்முரமாகச் செங்கல்லை எண்ண ஆரம்பித்தாள்.

"உங்களைப் பாக்கத்தான்," என்றான்.

"அதை எழுத இந்தக் கட்டம் பத்தாது." பதிவேட்டை மூடினாள். "அஞ்சு மணிக்கு எனக்கு வேலை முடியும். வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், ரெண்டாவது படித்துறை. அம்மாகிட்ட வந்து சொல்லுங்க. அண்ணியையும் கூட்டிட்டு வாங்க, நீங்க பாதியில நிறுத்திட்டா அவங்க முடிப்பாங்க."

ஐந்து மணிக்குப் பாலம் திறக்க ஆள் இல்லை. அவன் ஒரே இழுப்பில் கொடிமரத்தைச் சாய்த்தான்.

"அடடா," என்றாள் அண்ணி, "ரெண்டு வருஷமா நாக்குல பிடிச்சிருந்த துரு இப்பதான் விட்டுச்சாக்கும்!"