வாசல் இல்லாத அறை

இரும்பு ஆலையில் கிரேன்காரனுக்கு ஆந்தை என்று பேர். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தாலும் பகலில் படுக்க மாட்டான். விடிந்த பிறகு படுக்கிறவன் உருப்பட மாட்டான் என்று அடித்து வளர்த்த அப்பனின் பிள்ளை. யாராவது கேட்டால், "செத்தா சேர்த்துத் தூங்கிக்கலாம்" என்பான்.

இரண்டு மாதமாக வீட்டுக்குப் பின்னால் தானே ஓர் அறை கட்டிக்கொண்டிருந்தான். ஒற்றை அறை வீடு, மூன்று பிள்ளைகள். பகலில் அவன் கண்மூட ஓர் இடம் வேண்டும் என்று மனைவிதான் ஆரம்பித்துவைத்தாள். "தூங்குறதுக்கு ரூம் கட்டுறேன்னு இருக்கிற தூக்கத்தையும் தொலைக்கிறீங்க" என்று இப்போது அவளே திட்டினாள்.

அன்று காலை ஒன்பது மணிக்கு நாலாவது சுவரில் கை வைத்தான். நண்பகலில் அவள் தேநீரோடு வந்தபோது சுவர் அவன் நெஞ்சுக்கு ஏறியிருந்தது. உள்ளே நின்று கலவை பூசிக்கொண்டிருந்தான். அவள் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்தாள். திரும்பவும் நடந்தாள்.

"என்ன தேடுற?"

"வாசலை."

அவன் நாலு பக்கமும் பார்த்தான். சுவருக்கு நூல் கட்டி அளவு பார்த்தபோது வாசலுக்கு இடம் விட நினைத்தது ஞாபகம் இருந்தது. அப்புறம் கை அதன் பாட்டுக்குக் கல்லை அடுக்கிக்கொண்டே போயிருக்கிறது.

"காத்து வர ஜன்னல் வச்சீங்க. ஆளு வர?" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். சட்டென்று அவன் சிரிப்பு நின்றது. கரண்டியைச் சுவர்மேல் வைத்தான்.

"போன வாரம் கிரேன்ல தொங்குன இரும்புத் தகட்டுச் சுருள் ஆடி, கீழ சைகை காட்டிட்டிருந்த உன் தம்பி எட்டிக் குதிச்சானே?"

"பிரேக் வழுக்கிடுச்சுன்னு சொன்னீங்க."

"பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குக் கண்ணு சொருகிடுச்சு. ஒரு நொடிதான்."

அவள் கையிலிருந்த தேநீரைத் தரையில் கொட்டிவிட்டு வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் சுவரைத் தாண்டி ஒரு பாய் வந்து விழுந்தது. பின்னாலேயே தலையணை.

"கலவை இறுகிடும். வாசலுக்கு இப்பவே பிரிச்சு எடுத்தாத்தான் கல்லு முழுசா வரும்."

"இறுகட்டும். கல்லு போனா வேற கல்லு. என் தம்பி போனா எங்க போய் வாங்குவீங்க? படுங்க."

மேலே கட்டியிருந்த தார்ப்பாயின் நிழலில் படுத்தான். பிடிவாதமாக இரண்டு நிமிடம் கண்ணைத் திறந்தே வைத்திருந்தான். மனசுக்குள் எங்கிருந்தோ அப்பன் உறுமினான். சரிதான் போய்யா என்று அவனிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளை அவள் வாயில் விரல் வைத்தே அடக்கினாள். ஒருத்தனுக்கு மட்டும் செருப்பைக் காட்ட வேண்டியிருந்தது.

ஏழு மணிக்கு மச்சினன் பைக்கில் வந்து ஹாரன் அடித்தான். பின்கட்டுக்கு வந்து பார்த்தவன், "என்ன மாமா, அக்காவுக்குப் பயந்து கோட்டை கட்டிட்டியா?" என்றான்.

கிரேன்காரன் எழுந்து நின்றான். உடம்பு இரும்பைக் கழற்றி வைத்தது போல இருந்தது.

"மாப்ளே, போன வாரம் பிரேக் போகலடா. நான்தான் தூங்கிட்டேன்."

"தெரியும். அதான் அன்னையிலேருந்து பத்தடி தள்ளி நிக்கிறேன்."

"ஏன்டா சொல்லல?"

"அக்கா புருஷன். என்னன்னு போய்ச் சொல்ல?" மச்சினன் சுவர்மேல் எக்கி, டார்ச்சை அடித்து அவன் கண்ணைப் பார்த்தான். "மிளகாய்ப்பழம் மாதிரி இருந்தது வெளுத்திருக்கு. இன்னைக்குப் பழைய இடத்துலயே நிக்கிறேன், போ."

கிரேன்காரன் கல் அடுக்க உள்ளே போட்டிருந்த பீப்பாயில் ஏறிச் சுவரைத் தாண்டிக் குதித்தான்.

"வாசல் எப்ப வைப்பீங்க?" என்றாள் அவள்.

"நாளைக்கு. தூங்கி எழுந்த பிறகு."