பாதி நீலத்தில் ஓர் அதிகாரி

அரியலூர் பக்கம் ஓர் அரசு அலுவலகம். எது என்று சொன்னால் அதன் பெயர் கெடும். அங்கே அதிகாரி காசிநாதனின் அறைக்கு, வராந்தா வெயிலைத் தடுக்கவென்று புது மாதிரிக் கண்ணாடி போட்டிருந்தார்கள். அதன்மேல் நானோ துகள் பூச்சு. ஸ்விட்சைப் போட்டால் மெல்ல மெல்ல நீலம் ஏறி, உள்ளே ஆள் இருப்பதே தெரியாமல் இருண்டுவிடும்.

வெயிலைவிட மனுக்காரர்களைத் தடுக்கத்தான் அது அதிகம் உதவியது. யாராவது படியேறினால் காசிநாதன் ஸ்விட்சைப் போடுவார். ஒரே குறை, முழுதாக இருள ஒரு டீ குடிக்கும் நேரம் ஆகும். அதுவரை அவர் போட்டோவுக்கு உட்கார்ந்தவர்போல் அசையாமல் இருப்பார். வந்தவர்களும் மரியாதை தெரிந்தவர்கள். அவர் மறைகிறவரை சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்ப்பார்கள். நீலம் நிறைந்ததும் அலுவலக உதவியாளர் செல்லதுரை, "சார் கேம்ப்பு போயிட்டாருங்க" என்பார். "அப்படிங்களா" என்று கிளம்பிவிடுவார்கள்.

அன்று செந்துறையிலிருந்து அம்பிகா வந்தாள். மகள் சிந்துவுக்குப் பெரம்பலூர் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. அரசு விடுதியில் சேர, மனுவில் காசிநாதன் கையெழுத்து வேண்டும். அன்று சாயங்காலத்தோடு கடைசி. விடுதி இல்லையென்றால் படிப்பும் இல்லை.

அவளைப் பார்த்ததும் அவர் ஸ்விட்சைப் போட்டார். அவளும் வழக்கப்படி காலண்டர் பக்கம் திரும்பினாள். பாதி நீலம் ஏறியபோது கரண்ட் போனது.

அந்தக் கண்ணாடிக்கு ஒரு குணம். கரண்ட் போனால் ஏறிய நிறத்திலேயே நின்றுவிடும். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. காசிநாதன், கடித்த வடையும் கையுமாக, அரைகுறையாகத் தெரிந்தார்.

"அண்ணே, சார் இருக்காருங்களா, போயிட்டாருங்களா?" என்றாள் அம்பிகா.

இப்படியொரு நிலைமைக்குச் செல்லதுரைக்கு யாரும் பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கண்ணாடியை உற்றுப் பார்த்துவிட்டு, "கிளம்பிக்கிட்டிருக்காரும்மா" என்றார்.

"எவ்ளோ தூரம் போயிருப்பாரு?"

"பாதி இருக்கும்."

"அப்ப முழுசாப் போறதுக்குள்ள ஒரு கையெழுத்து வாங்கிக் குடுத்துருங்கண்ணே. நான் அவர பாக்கல. காலண்டரத்தான் பாக்குறேன்."

உள்ளே மின்விசிறியும் நின்றிருந்தது. காசிநாதனுக்கு வேர்த்துக் கொட்டியது. துடைக்கக் கை தூக்கினால் இருப்பது தெரிந்துவிடும். மனு கதவிடுக்கு வழியாக உள்ளே போய், வடை எண்ணெய்க் கறையோடு வெளியே வந்தது. கையெழுத்துக்குக் கீழே, அதிகாரிகள் வெளியூரில் இருந்து போடுகிற மாதிரி, 'முகாம்: ஆலத்தியூர்' என்றிருந்தது.

சாயங்காலம் பெரம்பலூர் விடுதியில் வார்டன் அனுசுயா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "கையெழுத்து வாங்க ஆலத்தியூர் வரைக்குமா போனீங்க?"

"அவ்ளோ தூரம் போகலீங்க மேடம்" என்றாள் அம்பிகா. "சார் போய்க்கிட்டிருக்கறப்பவே புடிச்சிட்டேன்."