நாற்பத்தாறாவது மரம்

ஒரு பேரீச்சை மரத்தின் நாக்கைப் பல்லால் பிடுங்கி எறிந்து, மிச்சமிருந்த நாற்பத்தைந்து மரங்களையும் ஊர்வரை ஓலமிட வைத்தவன் இந்த நெஃப்தா பாலைச்சோலையில் நான் ஒருவன்தான். காப்பிக்கடையில் எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள். முப்பத்தெட்டு வருடம் தபால்காரனாக நடந்தே பூமியை நாலு சுற்றுச் சுற்றியவன் என்று நான் சொன்னபோதும் அப்படித்தான் ஆட்டினார்கள். நம்பாதவன் ஒருவன்தான்: தோப்புக்கு முறைவைத்துத் தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டி பெல்காசெம்.

என் தோட்டம் தோப்பின் கடைசி. அதற்கப்பால் உப்பு ஏரி, அதற்கப்பால் ஒன்றுமில்லை. என் மனைவி ஸோஹ்ரா போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. மகன் கடல் தாண்டி லியோனிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டு அங்கே மழை என்பான், இங்கே மழை இல்லை என்பேன், வைத்துவிடுவோம். பேச்சுத்துணைக்கு ஒரு கழுதை இருந்தது. அதையும் பெல்காசெமுக்கு விற்றேன். இப்போது அது அவனோடு பேசிக்கொண்டிருக்கிறது.

போன வருடம் தண்ணீர்ச் சங்கத்தார் வந்து தோப்பு நெடுக நாற்பத்தாறு மரங்களில் உள்ளங்கை அளவுப் பெட்டிகளை அடித்துவிட்டுப் போனார்கள். பெட்டியிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகும். மண்ணின் ஈரத்தைப் பெட்டி பக்கத்து மரத்துப் பெட்டிக்குச் சொல்லும், அது அடுத்ததற்கு, அப்படியே கைமாறிக் கைமாறிச் சங்கத்து அலுவலகம் போய்ச் சேரும். கடைசி மரம் என்னுடையது. தண்ணீர் முறை இல்லாத நாளில் ஈரம் என்றால் யாரோ மடையைத் திறந்துவிட்டான் என்று அர்த்தம்; நீர்க்கட்டி நேரில் வந்து பார்த்தே ஆகவேண்டும். இது புரிய எனக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. வியாழக்கிழமை, மிச்சத் தேநீரைக் கம்பியின் காலடியில் கவிழ்த்தேன். ஒரு மணி நேரத்தில் பெல்காசெம் மண்வெட்டியோடு வந்து நின்றான்.

"எவன்டா மடையத் தொறந்தது?"

"எனக்கென்ன தெரியும்? மரத்தையே கேளு. வந்ததுதான் வந்த, ஒரு ஆட்டம் போட்டுட்டுப் போ."

திட்டிக்கொண்டே உட்கார்ந்தான். மணலில் குழி பறித்தோம். அவனுக்குக் கூழாங்கற்கள், எனக்குப் பேரீச்சங்கொட்டைகள். அப்படியே ஆயிரம் வியாழக்கிழமைகள், ஆயிரத்திலும் எனக்கே வெற்றி. சரி, முப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபதில் அவன் ஜெயித்திருக்கலாம்.

பிறகு சங்கத்துப் பொறியாளர் விதாத் வந்தாள். அலுவலக வாசல் மரத்தில் மூன்று வருடம் உழைக்க வேண்டிய பேட்டரி எட்டு மாதத்தில் செத்துவிட்டதாம்.

"மாமா, உங்க மரம் மட்டும் ஏன் இப்படி ஓயாம பேசுது? கடைசி மரம் ஒரு வார்த்தை சொன்னா நடுவுல இருக்கிறதெல்லாம் அதைச் சுமக்கணும். வாசல்ல நின்னது எல்லாரோடதையும் சுமந்தே போயிடுச்சு."

என் கை தானாக முட்டியைத் தடவியது. ஊர்க் கடிதத்தையெல்லாம் சுமந்த முட்டி அது. அந்த மரத்தின் முகத்தில் விழிக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் என்னைத் திட்டவில்லை. பெட்டிகளுக்குச் சிக்கனம் கற்றுக்கொடுத்தாள். இனி எந்தப் பக்கத்துப் பெட்டியில் தெம்பு அதிகமோ அதனிடம்தான் சேதியைக் கொடுக்கும். ஒரு நாள் முழுக்க ஈரம் நின்றால்தான் வாயைத் திறக்கும். மற்றபடி, மணிக்கொரு முறை பக்கத்து மரத்திடம் மட்டும் 'இருக்கேன்' என்று முனகிக்கொள்ளும். அந்த முனகலும் நின்றால், பெட்டி பழுது என்று பக்கத்துப் பெட்டி அலுவலகத்துக்குச் சொல்லிவிடும்.

தேநீர் அரை மணியில் காய்ந்துவிடுகிறது. நாள் முழுக்க ஊற்றச் சர்க்கரை கட்டுப்படியாகவில்லை. தண்ணீர் ஊற்றலாமே என்பீர்கள். முறை இல்லாத நாளில் ஒரு குவளை ஊற்றினாலும் அது அடுத்தவன் தண்ணீர். நான் பொய்யன்; திருடன் இல்லை. ஒன்பது வியாழக்கிழமைகள் போயின. குழிகளில் கொட்டைகள் அப்படியே கிடந்தன. இரு பக்கமும் நானே ஆடிப் பார்த்தேன்; இரண்டு பேருமே தோற்றோம்.

மரங்கள் பூத்த மாதம். மகரந்தம் தூவ ஆண்பூக் கொத்தைத் தூக்கிக்கொண்டு காய்ந்த வாய்க்காலைத் தாண்டும்போது கால் மடங்கி உள்ளே விழுந்தேன். எலும்பு முறிந்த சத்தம் எல்லை தாண்டி அல்ஜீரியாவில் கேட்டிருக்கும். செல்போன் வீட்டு ஜன்னலில். கத்தினேன். புறாக்கள் எழுந்து பறந்தன, திரும்ப வந்து உட்கார்ந்தன. வெயில் ஏறியது. கரைமேல் கை எட்டும் தூரத்தில் என் மரம், அதன் இடுப்பில் பெட்டி. அதன் வழியாக எட்டு மாதம் கூப்பிட்டாயிற்று. இனி அதில் கூப்பிட ஒரு சொல் இல்லை. அப்போதுதான் அந்த முனகல் நினைவுக்கு வந்தது. பெட்டியை இழுத்து, மூடியை நகத்தால் பெயர்த்து, பேட்டரியைப் பல்லால் கடித்து உருவித் துப்பினேன். மரம் வாயடைத்தது. இருவரும் சும்மா இருந்தோம். யாருக்காவது இது கேட்குமா என்று எனக்கே சந்தேகம்தான்.

மதியம் சாய்கையில் புதுப் பேட்டரியோடு பெல்காசெம் வந்தான்.

"என்ன கெழவா, டீத்தூள் தீந்துபோச்சா?" என்றபடி கரையில் நின்று எட்டிப் பார்த்தான். என் காலைப் பார்த்ததும் வாய்க்காலுக்குள் குதித்தான். கழுதைமேல் ஏற்றினான். என் கழுதை.

நாற்பது நாள் மாவுக்கட்டு. காப்பிக்கடையில் நான் கதையைத் தொடங்கினாலே அவன் குறுக்கே விழுவான். "பெட்டி தானாச் செத்துது. வருஷம் பூரா டீ ஊத்துனா சாகாதா? பல்லால புடுங்குனானாம்! இவன் வாயில இருக்கிறதே நாலு பல்லு."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது அவன் பேச்சு கூடவே வந்தது. பெட்டி தானாகச் செத்ததென்றால் அவன் பெட்டிக்காக வந்தவன். நான் கூப்பிட்டு வந்தவனில்லை.

போன வியாழக்கிழமை எந்தப் பெட்டியும் கூப்பிடவில்லை. பெல்காசெம் வந்தான். முழங்கால்வரை சேறு. குந்தி, தூர்ந்த குழிகளை விரலால் திரும்பப் பறித்தான். கற்களை அடுக்கினான். ஒரு கல் குறைந்தது. சட்டைப்பையில் கைவிட்டு, சேறு அப்பிய கட்டைவிரல் அளவு பேட்டரி ஒன்றை எடுத்து, துடைத்து, வெறுங்குழியில் வைத்தான். அதன் உறையில் நாலு பள்ளங்கள்.

"வாய்க்கால் தூர் வாருறப்ப கெடச்சுது," என்றான். என் வாயைப் பார்த்தான். குழியைப் பார்த்தான்.

"நடந்ததுதான்டா, கெழவா."