மே மூன்று, காற்றுச் சோதனை

காலை எட்டு மணிக்கு வந்து இறங்கிய ஆர்க்கிடெக்ட் எரெந்திராவின் கண்ணில் முதலில் பட்டது செப்புக் கொப்பரைதான். புது மழலையர் பள்ளிக் கட்டடத்துக்குள் வெளிக்காற்றை இழுக்கும் குழாய்க்கு நேர் கீழே மூன்று கல் வைத்து, விறகு அடுக்கி, பன்றிக்கறி வறுக்கக் கொத்தனார்கள் தயாராக நின்றார்கள். கூரைமேல் பூச்சுற்றிய சிலுவை. அதிலிருந்து வண்ணக் காகித நாடாக்கள் பறந்தன.

மே மூன்று. திருச்சிலுவை நாள், கொத்தனார்களின் திருவிழா. மொரேலியா நகரில் எந்தக் கொத்தனாரும் இன்று கொத்துக்கரண்டியைத் தொடமாட்டார்.

காற்றுச் சோதனைக்கு இந்தத் தேதியைக் கொடுத்தவள் எரெந்திராவேதான். கணினியில் அது வெறும் வெள்ளிக்கிழமையாகத் தெரிந்தது. கொத்தனார் மகள் என்று சொல்லிக்கொண்டு திரிபவள் வேறு.

ஒன்பது மணிக்கு ஆய்வகத்துப் பெண் ஹசிந்தா கருவியோடு வருவாள். நான்கு மணி நேரம் கட்டடத்துக்குள் தூசியை அளப்பாள். பசுமைக் கட்டடச் சான்றிதழில் தங்க நிலைக்கு ஒரே ஒரு புள்ளி குறைகிறது. அந்தப் புள்ளி இந்தச் சோதனையில்தான் இருக்கிறது. கோப்பு அனுப்பத் திங்கட்கிழமை கடைசி. புகை உள்ளே போனால், இரண்டு வருட உழைப்பு வெள்ளி நிலையோடு நின்றுவிடும்.

"மேஸ்திரி, அந்த அடுப்பு..." என்று ஆரம்பித்தாள்.

ஃபிதென்சியோ மேஸ்திரி தொப்பியைத் தூக்கினார். "வாங்க ஆர்க்கி. சிகரெட் கூடாதுன்னீங்க, நிறுத்தினோம். லாரி டயரைக் கழுவித்தான் ரோட்டுக்கு விடணும்னீங்க. என் மூஞ்சியக்கூட நான் அப்படிக் கழுவினதில்ல. இன்னிக்கு என்ன, சிலுவைக்கும் சான்றிதழ் வேணுமா?"

"பன்னிக்கு வேணும்னா சொல்லுங்க ஆர்க்கி," என்றான் கொத்தனார் ஃபிலெமோன். "உள்ளூர்ப் பொருள்தான். முப்பது கிலோமீட்டருக்குள்ள வளந்தது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளால் முடியவில்லை. சொன்னதையெல்லாம் செய்தார்கள், உண்மைதான். ஆனால் யாருக்காக? தாளில் ஏறிய ஒவ்வொரு புள்ளியும் தன் ஒருத்தியின் பிடிவாதம்தானோ, இவர்கள் அதைச் சகித்துக்கொண்டு மட்டும் இருக்கிறார்களோ என்ற சந்தேகம் அவளுக்குள் வெகுநாளாக உண்டு. கேட்டுப் பார்க்கத் துணிச்சல் வந்ததில்லை. இந்த ஒரு நாளையும் இவர்களிடமிருந்து பிடுங்கினால், பிறகு கேட்கவே வேண்டியிருக்காது.

"தப்பு என்னோடது மேஸ்திரி. இன்னிக்குக் காத்துச் சோதனை. தேதி குடுத்தப்ப நாள் மறந்துபோச்சு."

"மறந்துபோச்சா! உங்கப்பா எத்தனை சிலுவை நட்ட ஆளு!"

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

"சாயங்காலமே போன் போடறேன்."

"சரி, அடுப்பைப் பத்த வைங்க. புள்ளி போனாப் போகட்டும்." சொன்ன பிறகுதான் அதை நிஜமாகவே சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

மேஸ்திரி சிரிப்பை நிறுத்திவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். நாடாக்கள் எல்லாம் மேற்கே நீண்டிருந்தன.

"மத்தியானம் வரைக்கும் காத்து இப்படித்தான் போகும். டேய், கொப்பரையத் தூக்குங்கடா. ரோட்டுக்கு அந்தப் பக்கம், மேற்குச் சுவரோரமா."

"கொழுப்போட நூறு கிலோ இருக்கு மேஸ்திரி!"

"உன் மாமியாரைத் தூக்கறதா நெனச்சுக்க."

ஹசிந்தா வந்தபோது புகை தெருவுக்கு அப்பால் மேற்கே போய்க்கொண்டிருந்தது. தூசியின் சராசரி பன்னிரண்டைத் தாண்டக் கூடாது என்றாள் அவள். கருவியின் சிறிய திரையில் ஆறு, ஏழு, மறுபடி ஆறு. எரெந்திரா சன்னலருகே நின்று எண்களோடு தானும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரைக்குப் பக்கத்து ஹோட்டல் கட்டுமானத்தில் ராக்கெட் வெடித்தது. அங்கேயும் இன்று கொண்டாட்டம்தானே. இரண்டாவது. மூன்றாவது. எண் பதினான்குக்கு ஏறியது.

"இப்படியே போனா சராசரி தாங்காது," என்றாள் ஹசிந்தா.

எரெந்திரா வாசலுக்கு ஓடுவதற்குள், ஃபிலெமோன் ஒரு தட்டு நிறையக் கறியோடு மதிலோரம் நின்றான். மேஸ்திரியின் குரல் மதிலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"ஒரு மணி வரைக்கும் ராக்கெட் வேணாம்யா. எங்க கட்டடம் பரிட்சை எழுதிட்டிருக்கு."

"கட்டடத்துக்கு என்னய்யா பரிட்சை?"

"மூச்சுப் பரிட்சை. நாளைக்குப் பிள்ளைங்க இழுக்கப்போற காத்து. உங்க ஹோட்டல் எழுதுமா? ஃபெயிலாயிடும். கறியத் தின்னுட்டுக் கம்முனு இரு."

எங்க கட்டடம். அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே போய் எண்ணைப் பார்க்க வேண்டும். ஆனால் அவசரம் கொஞ்சம் குறைந்திருந்தது.

ஒரு மணிக்குக் கருவி நின்றது. ஹசிந்தா கணக்கைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "ஒம்பது. தேறிடுச்சு."

"ஒம்பதுன்னா ஏறினா நல்லதா, இறங்கினா நல்லதா?" வாசலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி மேஸ்திரி கேட்டார்.

"இறங்கினா நல்லது மேஸ்திரி. தங்கம் நமக்குத்தான்," என்றாள் எரெந்திரா.

அவர் நேராக மதிலுக்குப் போனார். "ஒம்பது!" என்று கத்தினார்.

அடக்கிவைத்திருந்த ராக்கெட்டுகள் அத்தனையும் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒன்றாகச் சீறிக் கிளம்பின.