ஊரறிந்த ஆட்டக்காரி

இராசமலரின் பெயர் அச்சில் வந்த தாளைச் சோமசேகரம் தானே கொண்டுவந்தான். கரவெட்டியிலிருந்து வல்லை வெளிக் காற்றுக்கு எதிராகச் சைக்கிள் உழக்கி உரும்பிராய்க்கு வந்தவன், சேட்டுக்குள் வைத்திருந்த தாள் வியர்வையில் நனையவில்லை என்று பார்த்த பிறகுதான் தன் முகத்தைத் துடைத்தான்.

ஆடி கழிந்ததும் இருவருக்கும் எழுத்து. கலியாணத்தைப் பதிவதை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வார்கள். முதலில் எழுத்து, பிறகு வசதியான ஒரு முகூர்த்தத்தில் தாலி. எழுத்து முடிந்தால் பாதிக் கலியாணம் முடிந்த மாதிரி.

சோமசேகரம் புவியியல் படிப்பிக்கிற ஆசிரியர். பள்ளிக்கூடம் விட்ட நேரங்களில் ஊர் ஊராகப் போய் விளையாட்டைப் பற்றி விசாரிப்பான். எந்த வாசிகசாலை முதலில் கரப்பந்து வலை கட்டியது, எந்த மைதானத்துக்குள் யாரை விடவில்லை, வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் பிறகு எங்கே தங்களுக்கென்று ஒரு மைதானம் திருத்தினார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதி, அதைப் 'பந்தும் பனங்கூடலும்' என்று ஒரு புத்தகமாக்கிக்கொண்டிருந்தான். வலைப்பந்தாட்டம் ஆடிய பெண்களைப் பற்றி விசாரிக்க வந்தபோதுதான் இராசமலரைக் கண்டான். ஒரே கேள்விகளைக் கேட்க மூன்றாம் தரமும் வந்தபோது அவளுக்கு விளங்கிவிட்டது. அடுத்த கிழமை அவனுடைய மாமி சாதகத்தோடு வந்தார்.

அன்று அவன் வந்த நேரம் இராசமலர் குசினியில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தாள். தாள் அவளுடைய தகப்பன் பஞ்சலிங்கத்தின் கைக்குப் போனது. வெங்காயத் தறையில் நின்று வந்தவர், கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோயிலில் புராணம் படிப்பதுபோல உரத்து வாசித்தார்.

"வலிகாமம் முழுவதும் பெயர்போன, ஊரறிந்த ஆட்டக்காரி உரும்பிராய் இராசமலர்..."

அதற்கு மேல் வாசிக்கவில்லை.

"ஆட்டக்காரி?"

"ஓம் மாமா. ஆட்டக்காரனுக்குப் பெண்பால்," என்றான் சோமசேகரம் மகிழ்ச்சியாக.

"ஊரறிந்த ஆட்டக்காரி?"

"வலிகாமம் முழுக்க எண்டும் போட்டிருக்கிறன்."

பஞ்சலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். ஆட்டக்காரன் என்றால் பந்தடிக்கிறவன். ஆட்டக்காரி என்றால் என்னவென்று அந்த ஊரில் எந்தத் தெருக்குழாயடியிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். புத்தகங்களுக்குள் வளர்ந்த சோமசேகரத்துக்கு மட்டும் அது இலக்கணமாகத் தெரிந்திருந்தது.

"தம்பி, நான் ஒண்டும் கதைக்க விரும்பேல்லை," என்றார் பஞ்சலிங்கம் குரலை அடக்கி. "எழுத்தை நிப்பாட்டும்."

"ஓம் மாமா, இப்பவே நிப்பாட்டலாம். நல்ல காலம், நேரத்துக்குச் சொன்னியள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஒண்டும் செய்யேலாமல் போயிருக்கும்." அவன் சிரித்துக்கொண்டே சைக்கிளைத் திருப்பி, வாசலில் நின்ற இராசமலரின் தாயிடம் சொன்னான். "போட்டு வாறன் மாமி!"

இராசமலர் தேத்தண்ணியும் பனங்கட்டியுமாக வெளியே வந்தபோது அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். அம்மா பராசக்தி வாயில் கை வைத்திருந்தாள்.

"நல்ல காலமாம்!" என்றார் பஞ்சலிங்கம். "ஒரு மறுப்புக் கதை கதைக்கேல்லை. ஏதோ பஸ்ஸைப் பிடிச்சவன் மாதிரிச் சிரிச்சுக்கொண்டு போறான்."

"நீங்கள் நிப்பாட்டச் சொன்னால் அந்தப் பிள்ளை என்ன செய்யிறது?" என்றாள் பராசக்தி.

"ஒரு மனுசன் கோவத்திலை சொன்னால் இஞ்சை நிண்டு ரண்டு வார்த்தை கெஞ்ச வேண்டாமோ? நான் என்ரை கலியாணத்துக்கு உன்ரை கொப்பரிட்டை எவ்வளவு கெஞ்சினனான்?"

இராசமலர் தாளை எடுத்து வாசித்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அதன் கீழே இருந்த வரிகளைக் கண்டாள். யசிந்தா, மக்டலீன், அருந்ததி என்று அவளுடைய அணியின் ஏழு பெயர்களும் வரிசையாக இருந்தன. எண்பத்து மூன்றில் மாகாணத்தில் வென்ற அணி அது. கொழும்பில் அகில இலங்கைப் போட்டிக்குப் போக உடுப்பு அடுக்கி வைத்திருந்த ஆடி மாதத்தில் கலவரம் வந்தது. போட்டி இல்லை, கிண்ணம் இல்லை, பேப்பரில் ஒரு படமும் இல்லை. யசிந்தா கனடாவில், மக்டலீன் பாரிசில். அப்படி ஒரு அணி இருந்தது என்று சொல்ல உலகத்தில் இந்த ஒரு பக்கம்தான் இருந்தது. இப்போது அதை எழுதியவனும் போய்விட்டான்.

"ரண்டும் எனக்கு வேணும்," என்றாள்.

"எது ரண்டும்?"

அவள் தாளை மடித்துக்கொண்டு தன் சைக்கிளை எடுத்தாள்.

கோப்பாயில் சிமியோனின் அச்சகத்தில்தான் புத்தகம் அச்சாகிக்கொண்டிருந்தது; அவன் அங்கேதான் நிற்பான் என்று அவளுக்குத் தெரியும். மின்சாரம் இல்லாத காலம். காலால் மிதிக்கிற பழைய மிசின். வேறு தாள் வராததால் பள்ளிக்கூடக் கொப்பிக்குரிய கோடு போட்ட தாளிலேயே அடித்தார்கள். இராசமலர் உள்ளே நுழைந்தபோது மிசின் நின்றிருந்தது. சோமசேகரம் தாள் கட்டுகளின் நடுவே சிமியோனோடு கதைத்துக்கொண்டு நின்றான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கூட்டியது.

"நிப்பாட்டியாச்சோ?"

"ஓம், வந்த உடனை சொல்லிப்போட்டன்."

"அவ்வளவு சுகமோ உங்களுக்கு?"

"சுகம் எண்டில்லை. கொஞ்சம் மினக்கேடு. ஆனால் பிழையெண்டு கண்டால் முடியமுந்தி அவிழ்க்கிறதுதானே நல்லது."

"பிழையோ? எங்கடை பக்கத்திலை என்ன பிழை?"

"உங்கடை பக்கத்திலைதான் பிழை. மற்றப் பக்கங்கள் எல்லாம் சரி."

"எங்கடை பக்கத்திலை ஒரு பிழையுமில்லை! உங்கடை பக்கத்து ஆக்கள்தான் சாதகத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தவை. உங்கடை மாமிதான் என்ரை பல்லைக்கூட எட்டிப் பாத்தவ!"

சோமசேகரம் கையிலிருந்த புரூஃப் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மாமி எந்தப் பக்கத்தில் வருகிறார் என்று அவனுக்கு விளங்கவில்லை.

சிமியோனுக்குத்தான் முதலில் பிடிபட்டது. மிசினில் சாய்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். "தங்கச்சி, இவர் நிப்பாட்டினது உங்கடை எழுத்தை இல்லை, என்ரை எழுத்தை. கொப்பர் புத்தகத்தை நிப்பாட்டச் சொன்னவர் எண்டு வந்து நிக்கிறார்."

சோமசேகரத்தின் முகம் வெளுத்துப்போனது. பக்கத்திலிருந்த தாள் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"மாமா சொன்னது... கலியாண எழுத்தோ?"

"பின்னை?"

"ஐயோ. அதுக்கு நான் நல்ல காலம் எண்டு சொன்னனானே!"

"சிரிச்சுக்கொண்டும் போனியளாம்."

"மாமியிட்டைப் போட்டு வாறன் எண்டும் சொன்னனான்," என்றான் அவன். அதைக் கேட்டதும் இராசமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆத்திரப்பட்டு உழக்கி வந்த களையெல்லாம் சேர்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

ஆட்டக்காரி என்ற சொல்லுக்கு ஊரில் என்ன பொருள் என்று சிமியோன் அவன் காதுக்குள் சொன்னார். அவன் காது சிவந்தது.

"அந்தப் பந்தியை முழுக்கத் தூக்குங்கோ அண்ணை," என்றான் உடனே. "வேண்டாம். புத்தகம் ஒரு பக்கம் குறைஞ்சால் குறையட்டும். எனக்கு இவ வேணும்."

அவன் அதைச் சொன்ன விதம் அவளுக்குப் பிடித்திருந்தது. சொன்ன விசயம் பிடிக்கவில்லை.

"தூக்க விடமாட்டன்," என்றாள். "என்னைக் கட்டுறதுக்காக என்னையே புத்தகத்திலையிருந்து எடுக்கிறதோ? என்னோடை ஆறு பேர் இருக்கினம். அவையும் போகவோ?"

"அப்ப என்ன சொல் போடுறது? விளையாட்டுக்காரி?"

"அது அதைவிட மோசம். வீட்டிலை ஒரு வேலையும் செய்யமாட்டாள் எண்டு நினைப்பினம்."

"வீராங்கனை எண்டு போடலாம்," என்றார் சிமியோன். "பேப்பரிலை அப்பிடித்தான் போடுறவை."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொண்ணூற்று மூன்றில் அந்தச் சொல் தெருச் சுவர்களில் களத்தில் விழுந்த வேறு பெண்களின் படங்களுக்குக் கீழே இருந்தது. சிமியோன் தானாகவே தலையை ஆட்டி அதைக் கைவிட்டார்.

இராசமலர் புரூஃப் கட்டைப் புரட்டினாள். முந்திய ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். "இதிலை ஆர்? 'ஊரறிந்த ஆட்டக்காரர் முருகேசு.' உதைபந்து அடிச்ச ஒரு மனுசன். இவரின்ரை எழுத்தை ஆரும் நிப்பாட்டினவையோ?"

"அவர் ஆம்பிளை. மரியாதைக்கு 'ர்' போட்டனான்."

"எனக்கும் அந்த மரியாதையைப் போடுங்கோ. அவர் ஆட்டக்காரர் எண்டால் நானும் ஆட்டக்காரர். அவரும் பந்துக்குப் பின்னாலை ஓடினவர்தானே?"

சோமசேகரம் அவளை நிமிர்ந்து பார்த்தான். விளையாட்டும் சமூகமும் என்று தான் பக்கம் பக்கமாக எழுதியதில் இந்த ஒன்று விட்டுப்போனதை அவன் அப்போதுதான் கண்டான். "முன்னுரையிலை இதைச் சொல்லட்டோ? பெண்களை ஆடவிட்டிருக்கிறம், ஆனால் அவையைக் கூப்பிட ஒரு நல்ல சொல் வைக்கேல்லை எண்டு."

"சொல்லுங்கோ. ஆனால் எனக்கு நடந்ததெண்டு சொல்லக்கூடாது."

சிமியோன் அச்செழுத்துக் கட்டை அவிழ்த்து 'ரி'யை எடுத்துவிட்டு 'ர'வையும் 'ர்'ஐயும் நெருக்கிப் பூட்டினார். வரி நிறைந்துவிட்டது. இனி அதில் ஒரு புள்ளிக்கும் இடமில்லை என்றார்.

மை காயாத தாளோடு இருவரும் பக்கத்துப் பக்கத்தில் சைக்கிள் உழக்கி வந்ததை உரும்பிராய்ச் சந்தி முழுவதும் பார்த்தது. எழுத்து முடியாமல் அப்படி வருவது அங்கே வழக்கமில்லை. இரண்டு பேரும் வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

பஞ்சலிங்கம் மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "ஊரறிந்த ஆட்டக்காரர் உரும்பிராய் இராசமலர்." இன்னொரு தரம், இந்த முறை மனைவிக்குக் கேட்க வாசித்தார். "மரியாதையாய்த்தான் இருக்கு."

"ஆம்பிளைப்பிள்ளை எண்டு ஆரும் நினைப்பினமோ?" என்றாள் பராசக்தி.

"பேரைப் பாத்தால் தெரியாதோ உனக்கு?" என்றவர், தாளைத் திருப்பிப் பார்த்தார். "தகப்பன்ரை பேர் எங்கை?"

"மாமா, வரியிலை இடமில்லை. சிமியோன் அண்ணை ஒரு புள்ளிக்கும் இடமில்லை எண்டிட்டார்."

"வெங்காயம் விளைவிச்சு, சப்பாத்து வாங்கிக் குடுத்து ஓடவிட்டவன் நான். எனக்கு இடமில்லை?"

"பதிவுப் புத்தகத்திலை பெண்ணின்ரை தகப்பன் எண்டு ஒரு இடம் இருக்கு," என்றான் சோமசேகரம் மெல்ல. "ஆனால் அந்த எழுத்தைத்தான் நீங்கள் நிப்பாட்டிப்போட்டியள்."

பராசக்தி சிரிப்பை அடக்கக் குசினிக்குள் போனாள். பஞ்சலிங்கம் மகளைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார்.

"நான் எப்ப அந்த எழுத்தை நிப்பாட்டச் சொன்னனான்?" என்றார். "நான் சொன்னது மிசினை. தம்பி அதைச் சரியாய்த்தான் விளங்கிக்கொண்டு போனவர். நீங்கள் தாயும் மகளுமாய்த்தான் விசர்க் கதை கதைச்சு அந்தப் பிள்ளையை அலைய வைச்சியள்."

"ஓம் மாமா," என்றான் சோமசேகரம். "நானும் அப்பிடித்தான் விளங்கினனான்."

இராசமலர் கோடு போட்ட தாளை அப்பாவின் கையிலிருந்து வாங்கி, ஏழு பெயர்களையும் ஒவ்வொன்றாக உரத்து வாசிக்கத் தொடங்கினாள். அருந்ததியின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. அதற்கு நாளைக்கும் அவனோடு கோப்பாய்க்குப் போக வேண்டியிருக்கும்.